பொட்டலம் பேசட்டும்!

பணக்காரனைப் படம் போட்டுக் காட்டவேண்டுமென்றால், முன்பெல்லாம் நமது கருத்துப்பட ஓவியர்கள் அதிகம் சிரமப்பட்டதில்லை. ஒரு பெரிய தொந்தி, அதன்மேல் ஒரு தங்கச் சங்கிலி, விரலிடுக்கில் ஒரு சுருட்டு - தீர்ந்தது வேலை! பக்கத்திலே விலா எலும்பு தெரியும்படி ஒரு பாட்டாளியை நிறுத்திவிட்டால், எழுத்தறியாதவருக்கும் பொருள் விளங்கிவிடும். தொந்தி என்றால் சுரண்டல். ஒட்டிய வயிறு என்றால் உழைப்பு. மேடைகளில் நாமும் அப்படித்தான் பேசினோம், கைதட்டலும் பெற்றோம்.

அந்தப் படம் இன்று பொய்யாகிவிட்டது.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு நம்முன் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 2015-16இல் இதே கணக்கு 31. ஆண்களிலோ 28 ஆக இருந்தது 37 ஆகியிருக்கிறது. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 24 பேர், ஆண்களில் 23 பேர். அதாவது, படிப்பிலே முந்தினோம், மருத்துவத்திலே முந்தினோம், தொழிலிலே முந்தினோம் என்று பெருமை பேசுகிற நாம், இதிலும் முந்திக்கொண்டு நிற்கிறோம்!

"வசதி படைத்த வீடுகளில்தானே இது அதிகம்?" என்று கேட்பார்கள். இன்னமும் அங்கேதான் அதிகம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு நாற்பது என்றால், தமிழ்நாட்டுப் பெண்களில் நாற்பது பங்கினர் ஆலை அதிபர்களின் வீட்டம்மாக்களா? கணக்கு இடிக்கிறதே! காலை முதல் இரவு வரை தையல் இயந்திரத்தின் முன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாளே, அவளும் அந்தக் கணக்கில் இருக்கிறாள். ஆட்டோவின் முன்னிருக்கையிலேயே பகலைக் கழிப்பவரும், அடுக்குமாடி வாயிலில் நாற்காலி போட்டு இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளியும் இருக்கிறார்கள். இன்னும் கேளுங்கள்: அதே ஆய்வு, அதே தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்றும் கூறுகிறது. எடை ஏறியிருக்கிறது, குருதியில் சத்தில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. தின்றது கொழுத்துப்போய் வந்த நோய் இது என்று எப்படி ஐயா சொல்வது?

சதை போட்டிருக்கிறாய் என்பது நம் ஊரில் வசவல்ல, வாழ்த்து. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வருகிற மகனைப் பார்த்ததும் தாய் சொல்லும் முதல் வார்த்தை "இளைத்துவிட்டாயே!" என்பதுதான். பெண் பார்க்கப் போனவர் திரும்பிவந்து, "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்றால், பிடித்துவிட்டது என்று பொருள். பசி ஆண்ட நாட்டில் மக்கள் அப்படிப் பேசியது பிழையல்ல. அந்தப் பசியை விரட்டத்தானே 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக் கட்சித் தலைவர் தியாகராயர் பிள்ளைகளுக்குச் சோறு போடச் செய்தார்! காமராசர் 1956இல் அதை நாடெங்கும் கொண்டு சென்றார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், கலைஞர் 1989இல் முட்டை சேர்த்தார், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. கட்சி எதுவாயினும் இந்த ஒன்றில் தமிழ்நாடு வழி தவறவில்லை. பசியோடு போராட நமக்குத் தெரியும். பொட்டலத்தோடு போராடத்தான் தெரியவில்லை.

காலையில் பள்ளியிலே பொங்கலும் உப்புமாவும் உண்ட அதே பிள்ளை, மாலை மணி அடித்ததும் ஓடிவருகிற இடம் எது? வாயிலுக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடை. அங்கே சரம் சரமாக, மாலை கட்டித் தொங்கவிட்டாற்போல், ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள். வறுத்த மாவு, உப்பு, பாமாயில், சாயம். மேலே சிரிக்கிற ஒரு பொம்மை. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது என்று 2020இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது. பொட்டலம் கயிற்றில் இருக்கிறது. அந்தக் கடைக்காரரை நாம் குற்றவாளியாக்கப் போவதில்லை. ஐந்து ரூபாயில் அவருக்குக் கிடைப்பது சில காசுகள். அவர் தொங்கவிடாவிட்டால் அடுத்த கடைக்காரர் தொங்கவிடுவார்.

வயிறு பெருத்தால் என்ன, அழகு கெடும், அவ்வளவுதானே என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. அழகைப் பற்றி நமக்கு அக்கறையில்லை. குண்டான மனிதரைத் திரையில் காட்டிச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்த தமிழ்ப் படவுலகம் அந்த வேலையைச் செய்யட்டும். மருத்துவர்கள் கூறுவது வேறு. நம் இனத்தவருக்கு எடை குறைவாக இருக்கும்போதே கொழுப்பு அடிவயிற்றில் சேர்ந்து நீரிழிவைக் கொண்டுவருகிறது. ஆகவே, ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். பாட்டன் காலத்து அரைஞாண் கயிறே போதும், இறுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்! 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர். இந்த நோயாளிகளுக்காகத்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு கொடுக்கவேண்டி வந்தது. மாத்திரை வீடு தேடி வருகிறது. நோயோ அதற்கு முன்பே, ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் ஏறி வீடு தேடி வந்துவிடுகிறது!

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், நம்மிடையே ஒரு கூட்டம் தயாராகப் பதில் வைத்திருக்கிறது. "அம்மியும் உரலும் போயின, மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, பெண்கள் பெருத்துப் போனார்கள்!" கைப்பேசிகளில் உலவுகிற தத்துவம் இது. ஆக, அம்மியை மறுபடியும் அவள் கையிலே கொடுத்து உட்காரவைத்துவிட்டால் நோய் பறந்துவிடுமாம்! ஆண்கள் 28லிருந்து 37க்கு ஏறினார்களே, அவர்கள் எந்த அம்மியை அரைத்துக்கொண்டிருந்து எப்போது நிறுத்தினார்கள் என்பதையும் அந்த அன்பர்கள் சொல்லிவிட்டால் நல்லது.

இன்னொரு பதில் டில்லியிலிருந்து வருகிறது. 2025 ஜனவரி 28இல் டேராடூனில் தேசிய விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கிவைத்த பிரதமர், உடல் பருமன் பெருகிவிட்டது, ஒவ்வொரு குடும்பமும் சமையல் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும் என்றார். பிப்ரவரியில் வானொலியிலும் அதையே கூறினார். ஆகஸ்ட் 15இல் செங்கோட்டையில் நின்றும் கூறினார். கூறியது தவறு என்று நாம் வாதிடவில்லை. எண்ணெய் குறைந்தால் நல்லதுதான். ஆனால் அதே ஆகஸ்ட் 15இல், அதே செங்கோட்டையிலே இன்னொரு வாக்குறுதியும் பிறந்தது - தீபாவளிக்குள் சரக்கு சேவை வரியைத் திருத்தித் தருகிறோம் என்று. திருத்தினார்கள். செப்டம்பர் 22 முதல் சாக்லேட், பிஸ்கட், ஐஸ்கிரீம் மீது 18 விழுக்காடாக இருந்த வரி 5 ஆயிற்று. பொட்டலக் காரவகைகளுக்கும் நூடுல்சுக்கும் 12லிருந்து 5. குடும்பத்தலைவிக்கு உபதேசம், பொட்டலத் தொழிற்சாலைக்குச் சலுகை! நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். கலர் பானங்களுக்கு 40 விழுக்காடு வரி போட்டார்கள், அதை மறைக்கமாட்டோம். சிறு மிக்சர்க் கடைக்காரருக்கும் முறுக்குச் சுடும் மகளிர் குழுவுக்கும் இந்தக் குறைப்பால் மூச்சு வந்தது, அதையும் மறுக்கமாட்டோம். ஆனால் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்து வரியை ஏற்றி இறக்க ஒரு வழி இருந்ததே, அது ஏன் எவர் நினைவுக்கும் வரவில்லை?

2025 ஜூலையில் நடந்ததும் நினைவிருக்கும். எண்ணெய், சர்க்கரை பற்றி அலுவலகங்களில் பலகை மாட்டுங்கள் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கையா என்று வடக்கே கூச்சல் எழுந்தது. இல்லை, இல்லை, எந்தப் பண்டத்தின்மீதும் எச்சரிக்கை ஒட்டச் சொல்லவில்லை என்று அமைச்சகம் அவசர அவசரமாக விளக்கம் கொடுத்தது. சுவரிலே பலகை மாட்டலாமாம். பொட்டலத்தில் மட்டும் ஒட்டமாட்டார்களாம்!

நமது வழக்கு இந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான்.

பொட்டலத்தின் பின்பக்கத்தை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? எறும்பு ஊர்ந்தாற்போல் ஓர் அட்டவணை. ஆற்றல் இத்தனை, கொழுப்பு இத்தனை, சோடியம் இத்தனை மில்லிகிராம். எந்த மொழியில்? ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரியில் எழுதிய இந்தியில் இருக்கவேண்டும் என்பது சட்டம். வேறு மொழியிலும் சேர்த்து எழுதிக்கொள்ளத் தடையில்லையாம், என்னே பெருந்தன்மை! விளம்பரம் மட்டும் கொஞ்சு தமிழில் வரும். "அம்மா, பிள்ளை உயரமாக வளரவேண்டாமா?" என்று தொலைக்காட்சியில் கேட்பார்கள். விற்பதற்குத் தமிழ், விவரத்துக்கு வேறு மொழி! நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடப்பதைச் சொல்கிறோம்: தாய் எட்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர். கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகனிடம்தான் கொடுத்து, "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்கிறார். அவனுக்கு வயது ஒன்பது. அதைத் தின்னத் துடித்துக்கொண்டிருப்பவனே அவன்தான். "நல்லதுன்னு போட்டிருக்கும்மா!" என்கிறான். வேறு என்ன சொல்வான்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த நாட்டில் விற்கும் ஒவ்வொரு உணவுப் பொட்டலத்தின் முகத்திலும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குறி இருக்கிறது. பச்சைப் பொட்டு என்றால் சைவம். பழுப்புக் குறி என்றால் அசைவம். எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். தொழில் நசிந்துவிடும் என்று எந்த நிறுவனமும் அழவில்லை. இடம் போதாது, அச்சுச் செலவு ஆகும் என்று எவரும் முறையிடவில்லை. உள்ளே முட்டை கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை இந்தியக் குடிமகனுக்கு உண்டு. உள்ளே பிடி பிடியாகச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? ஆசாரம் கெட்டுவிடும் என்றால் ஒரு பொட்டு வைக்கலாம். ஆரோக்கியம் கெட்டுவிடும் என்றால் வைக்கக்கூடாதா?

வைக்கிறோம் என்றுதான் 2022 செப்டம்பரில் ஒரு வரைவு விதி வெளியிட்டார்கள். என்ன வைப்பார்களாம்? நட்சத்திரம்! அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. நட்சத்திரம் பார்த்தே கல்யாணம் செய்து, நட்சத்திரம் பார்த்தே கடை திறந்த நாடல்லவா. இனி பிஸ்கட்டுக்கும் நட்சத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்! இதில் சூது எங்கே என்றால், சர்க்கரைக்காகக் குறைகிற மதிப்பெண்ணை, கொஞ்சம் பருப்போ சிறுதானியமோ நார்ச்சத்தோ சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கழுத்தறுத்தவன் கால் பிடித்துவிட்டதற்காகத் தண்டனையைக் குறைத்துக்கொள்வதுபோல! மேலும், மிகக் கேடான பண்டத்திலும் அரை நட்சத்திரமாவது மின்னும். நட்சத்திரம் என்றால் நல்லது என்றுதானே பிள்ளை நினைக்கும்? முதல் நான்கு ஆண்டுகள் விருப்பமுள்ள நிறுவனங்கள் செய்தால் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரலில், மூன்று மாதத்தில் முடிவு சொல்லுங்கள் என்று நீதிபதிகள் கூறினார்கள். அந்த வரைவின்மீது வந்த கருத்துகள் மட்டும் 14,000க்கு மேல். மூன்று மாதம் கழிந்ததும் இன்னும் மூன்று மாதம் வேண்டுமென்று வாங்கிக்கொண்டார்கள்.

சிலி என்றொரு நாடு, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நீளமாகக் கிடக்கிறது. அங்கே மருத்துவராகவும் செனட்டராகவும் இருந்த கீதோ ஹிராதி என்பவர் ஆண்டுக்கணக்கில் போராடி ஒரு சட்டம் கொண்டுவந்தார். 2016 ஜூனிலிருந்து, சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பு மீறிய பண்டத்தின் முகத்தில் கறுப்பு எண்கோணம் ஒன்று அச்சிடவேண்டும். இரண்டு வரம்பு மீறினால் இரண்டு எண்கோணம், மூன்று மீறினால் மூன்று. எண்கோணம் விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது. பிள்ளைகளை மயக்கும் பொம்மையை அதன் அட்டையில் போடக்கூடாது. புலிப் படமும் முயல் படமும் அட்டையைவிட்டு வெளியேறின! அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், எண்கோணம் விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கண்டது. சிலியில் எல்லோரும் கொடியிடையாகிவிட்டார்கள் என்று நாம் கதை சொல்லவில்லை. பருமன் இன்னமும் அங்கே பெருந்தொல்லைதான். ஆனால் வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார். பெரு, உருகுவே, இஸ்ரேல், மெக்சிகோ என்று பல நாடுகள் அந்த வழியில் சென்றுவிட்டன. நம் நாட்டிலேயே சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டு இடத்தில் எச்சரிக்கைப் படம் போடவேண்டும் என்று 2016இல் ஆக்கவில்லையா?

"விரும்பித் தின்பது அவரவர் சுதந்திரம், அரசு ஏன் தலையிடவேண்டும்?" என்று சுதந்திரத்தின் பெயரால் பேசுவோர் உண்டு. நாம் எதையும் தடை செய்யச் சொல்லவில்லையே! உள்ளே இருப்பதை வெளியே எழுது என்கிறோம். உண்மையைச் சொன்னால் விற்காது என்று அஞ்சுகிறவர், வாங்குகிறவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது விந்தையிலும் விந்தை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். கலந்திருந்தது நச்சுச் சாயம், தடை சரியே. ஆனால் அன்று நமக்குத் தோன்றியது இது: மூங்கில் கழியிலே ரோஜா நிறப் பை கட்டிக் கடற்கரையில் நடந்து திரிகிற ஏழையைச் சட்டம் எட்டிப் பிடித்துவிடுகிறது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பொட்டலம் வடிவமைக்கிறவரிடம் போகும்போதுமட்டும் அதே சட்டத்துக்குக் கால் நோகிறது.

தமிழ்நாடே இதைச் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். இங்கேதான் முட்டுக்கட்டை. பொது சுகாதாரமும் மருத்துவமனையும் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தச் சுத்திகரிப்பும், கால் புண் ஆறாதவருக்கு அறுவையும், ஆயுள் முழுதும் மாத்திரையும் மாநிலத்தின் செலவு. பொட்டலத்தில் என்ன எழுதவேண்டும் என்ற அதிகாரமோ 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டில்லியின் கையில். வரி விதிக்கலாமென்றால், 2016இல் கேரளம் ஒருமுறை துணிந்தது. பெரிய உணவகங்களின் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 விழுக்காடு வரி போட்டது. மறு ஆண்டே சரக்கு சேவை வரி வந்து அதை விழுங்கிவிட்டது. பேனா அங்கே, பிணி இங்கே! மாநில சுயாட்சி என்று நாம் முழங்கும்போது, ஆளுநர், மொழி, நிதிப் பங்கீடு என்றுமட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். நம் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது என்ன என்று நமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதச் சொல்லும் உரிமையும் அதில் அடக்கம்.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 2007 முதல் நியாய விலைக் கடையில் பருப்போடு பாமாயிலும் கொடுத்து வந்தோம். விலைவாசியில் தவித்த குடும்பத்துக்கு அது கை கொடுத்தது. ஆயினும், அதைவிட நல்ல எண்ணெய்க்கு வழி தேடியிருக்க வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவருவதற்கு டில்லியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாயிலின் 50 மீட்டர் விதியை நடத்திக் காட்டுவதும் நம் அதிகாரிகளால் முடியும். நம் மாநாட்டுப் பந்தலில் தொண்டர்களுக்குக் கொடுக்கிற பையில் ஒரு கலர் பாட்டிலும் இரண்டு சிப்ஸ் பொட்டலமும் போடுகிறோமே, அதற்குப் பதிலாகக் கடலை உருண்டையும் வாழைப்பழமும் நீர்மோரும் கொடுத்தால் மாநாடு சோபிக்காதா?

நாடாளுமன்றத்தில் உள்ள நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நட்சத்திரம் வேண்டாம், எச்சரிக்கைக் குறி வேண்டும் என்று கேளுங்கள். பொட்டலத்தின் முதுகில் அல்ல, முகத்தில் வேண்டும் என்று கேளுங்கள். விற்கிற மாநிலத்தின் மொழியிலே எழுதுவதைக் கட்டாயமாக்கக் கேளுங்கள். சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப வரியை உயர்த்தும் உரிமையை மாநிலங்களுக்குக் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் என்று எழுத்துமூலமாகப் பதில் வாங்கி வாருங்கள்; அந்தப் பதிலை இந்த இடத்திலேயே அச்சிடுகிறோம்.